வெடிக்க வேண்டிய இடம்

ஒரு மனிதனின் பிழைப்புக் கெட்டாலும் பரவாயில்லை, என் கணக்குச் சரிவந்தால் போதும் என்று எட்டு நாள் உள்ளூர ஆசைப்பட்டவன் நான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது நான் தெருவேலை ஓவசியர். தபாலில் வரவழைத்த ஓர் ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தேன். பழைய சீமெந்தின் மேல் புதிதாக ஒட்டுப் போட்டால் அது காயும்போது எவ்வளவு சுருங்கும், சுருங்கவிடாமல் பழையது பிடித்துக்கொண்டால் உள்ளே எவ்வளவு இழுவை ஏறும், எங்கே வெடிக்கும் என்றெல்லாம் அதில் கணக்கு இருந்தது. பாதி விளங்கியது. மற்றப் பாதியும் விளங்கியதாக வைத்துக்கொண்டேன்.

ஏறாவூரில் நான் போய்வரும் ஒரு நெல் ஆலை. அவித்த நெல் காயப்போடும் தளத்தில் பெயர்ந்த இடத்தைக் கொத்தியெடுத்து ஒரு மேசன் ஒட்டுப் போட்டிருந்தார். அது வெடிக்காமல் நின்றால் பக்கத்தில் போடப்போகும் பெரிய தளமும் அவருக்கு. வெடித்தால் வேறு ஆள். முதலாளி அப்படிச் சொல்லியிருந்தது தெரிந்தும், அவர் வெற்றிலைத் தட்டை நீட்டிய நேரம் நான் பென்சிலை எடுத்தேன். எட்டு நாளுக்குள் ஒட்டின் நடுவே குறுக்காக வெடிக்கும் என்று சொல்லி, வெண்கட்டியால் கோடும் கீறிக் காட்டினேன். மேசன் என்னைப் பார்த்தார். படிக்காதவரின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அனலாக வீசியது. புத்தகம் எழுதியவரின் ஊரில் அது இருந்திருக்காது. மேசன் ஈரச்சாக்கை மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். நான் தினமும் சைக்கிளில் போய், சாக்கை விலக்கி, முழங்காலில் நின்று தேடினேன். ஓவசியர் மோதிரத்தைத் தொலைத்துவிட்டாராக்கும் என்று நெல் துழாவும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கூடத் தேடவும் வந்தாள்.

ஒன்பதாம் நாள் வெடிப்பு இருந்தது. என் கோட்டில் அல்ல, ஒட்டிலேயே அல்ல. ஒரு சாண் தள்ளி, யாரும் குறை சொல்லாத பழைய தளத்தில். புதியது சுருங்கிப் பழையதை இழுத்ததா? பழையது தன்பாட்டில் வெடித்ததா? என் கணக்குச் சரியா, பிழையா? புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். இன்றைக்கும் தெரியாது.

முதலாளி ஒட்டை மட்டும் தட்டிப் பார்த்தார். நாளைக்கே பெரிய தளத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பழைய தளம் வெடித்ததற்கு உங்கள் ஒட்டே காரணமாக இருக்கலாம், உங்களுக்காகத்தான் நான் வாய் திறக்கவில்லை என்று மேசனிடம் மெதுவாகச் சொன்னேன். கொஞ்சம் நன்றியை எதிர்பார்த்தேன்.

அவர் சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நல்லது ஐயா. முதல் நாளும் இப்பிடிப் பேசாம இருந்திருந்தா, நான் நித்திரையாவது கொண்டிருப்பன்."