மலைக்காரி வேஷம்

ஆறு வருடங்களுக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கம். ஆனால் யார் கேட்டாலும், "டவுன்தான்" என்று சொல்லிவிடுவேன். மலை என்றால் போதும், "உங்க ஊர்ல கரண்ட் இருக்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பயந்தே பேச்சை மாற்றிக்கொண்டேன், தலை பின்னுவதைக்கூட மாற்றிக்கொண்டேன்.

ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். மலையிலிருந்து டவுனுக்குப் பிழைக்க வரும் பெண்ணுக்கு, ஒரு டீச்சர் நாகரிகம் கற்றுக்கொடுக்கிறாள். அதுதான் கதை. நன்றாகப் பேசுகிறேன் என்று டீச்சர் வேஷம் எனக்கே வந்தது. மலைக்காரியாக நடித்த தோழிக்கு முகத்தில் கரி, இடுப்பில் இலை. ஒத்திகையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதைவிடக் கேவலம், அவளுக்கு மலைப்பேச்சு வரவில்லை என்று, எங்கேயோ கேட்டதுபோல நானே பேசிக் காட்டினேன். அது என் அம்மாவின் பேச்சு.

விழா அன்று மேடையில், வரதட்சணை கொடுக்க வழியில்லை என்று மலைக்காரியின் அப்பா அழுதார். கதையில் அப்படித்தான் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் கொண்டுவந்து பெண் கேட்பார்கள். அடுத்து நான், "இனிமே நீயும் எங்கள மாதிரி மனுஷி" என்று சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லாமல், முந்தானையால் தோழியின் முகத்துக் கரியைத் துடைத்தேன். கூட்டத்தைப் பார்த்து, "நானும் மலைக்காரிதாங்க. கரியாலூர் பக்கம். எங்க ஊர்ல யாரும் இலை கட்டிக்கினு திரியல. வரதட்சணையும் எங்க பழக்கம் இல்ல. அந்த நாகரிகம் எங்களுக்கு வாணாங்க" என்றேன்.

நாடகப் பொறுப்பாளர் சார் உடனே திரையை இழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் கூப்பிட்டு, "இன்னா திமிரு உனக்கு? மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. இல்லன்னா மார்க்ல பார்த்துக்கறேன்" என்றார்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க சார். எழுத மாட்டேன்."

சொன்னபடியே எழுதவில்லை. மார்க்கைக் குறைத்தார். குறைத்துக்கொள்ளட்டும், பாஸாகிவிட்டேன்.

தோழிதான் என்னை மடக்கினாள். "உங்க ஊருன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் அந்த வேஷமே போட்டிருக்க மாட்டேனே. ஏன்டி சொல்லல?" என்றாள்.

சாரிடம் கேட்காத மன்னிப்பை, அந்த வாரமே மலையேறிப் போய் அம்மாவிடம் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் தலைநிமிர்ந்து கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான்.