கல் குடித்த செம்புத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. விளிம்பில் சின்ன நசுங்கல். அதைப் பார்த்தாலே எனக்கு ஓவர்சியர் ஞாபகம்தான் வரும். குருவிநத்தத்தில் எங்கள் தெரு பள்ளத்தில் இருப்பது. ஐப்பசி மழைத் தண்ணீர் படியேறி உள்ளே வந்து, அடுக்கி வைத்த நெல் மூட்டைகளை நனைத்துவிட்டுத்தான் போகும். அந்தத் தெருவோரம் நடைபாதை போட வந்தவர் அவர். மணலே சேர்க்காமல், பொடி ஜல்லியைச் சிமெண்டிலும் சாம்பலிலும் புரட்டி வார்த்த கல். கடலை உருண்டை மாதிரி உடம்பெல்லாம் சந்து. மழை அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றார். யார் நம்பினார்கள்? வெயிலில் நிற்கிறாரே என்று அண்ணி குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், வாங்கிப் பாதையில் கவிழ்ப்பார். "முதல்ல கல்லு குடிக்கட்டும்மா, அப்புறம் நானு." தண்ணீர் போன இடம் தெரியாது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே இன்னொரு செம்புக்கு உள்ளே போவார்.

அண்ணிக்கு அந்தப் பாதைமேல் கொள்ளை ஆசை. வீட்டெதிரே வந்துவிட்டால் அதுவும் வாசல்தானே! விடிந்ததும் சாணம் கரைத்துத் தெளித்துக் கோலம் போட்டார். தெருப் பெண்கள் விடுவார்களா? போட்டி போட்டுக்கொண்டு கெட்டியாகத் தெளித்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரி பார்வையிட வந்தார். ஓவர்சியர் பெருமையாகச் செம்பைக் கவிழ்த்தார். தண்ணீர் அப்படியே நின்றது. "மழைக்குள்ள சரியாவலன்னா பேத்துட்டு கான்கிரீட் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டியேறினார். ஓவர்சியர் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. அந்த நசுங்கல் அன்றைக்கு விழுந்ததுதான்.

அவர் குனிந்து கல்லை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சாணம் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"இன்னா சார் அப்பிடிப் பாக்குறீங்க? வாசல் தெளிக்காம வுட்டா வூடு வெளங்குமா?"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "கல்லு வாயை அடைச்சிட்டீங்களேம்மா! கான்கிரீட் போட்டா தண்ணி மறுபடி உங்க வூட்டுக்குள்ளதான் வரும்."

அண்ணி முகம் சுண்டிவிட்டது. நெல் மூட்டைகள் கண்ணில் வந்திருக்கும். முந்தானையைச் செருகிக்கொண்டு, "ஏய், அல்லாரும் பிரஷ் எடுத்தாங்கடி!" என்று ஒரு குரல் கொடுத்தார். தெருவே இறங்கித் தேய்த்தது. மோட்டார் தண்ணீரை நான் பீய்ச்சி அடிக்க, ஓவர்சியரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாணத்துக்கும் கோலத்துக்கும் என்று வாசலுக்கு ஒரு கருங்கல் பலகை பதித்துத் தந்தார். அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தண்ணீர் எங்கள் படியைத் தொடவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது; குதிக்கவும் செய்தேன்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தெருமுனையில் பார்த்ததுமே அண்ணி அதே செம்போடு வெளியே ஓடினார். தாகத்தோடு வந்தவர் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை, பாதையில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்லு குடிச்சிடுச்சி. இருங்க சார், உங்களுக்கு எடுத்தாறேன்" என்று அண்ணி உள்ளே போனார்.