ஆஸ்பத்திரியில் இறங்காமல் ஹட்டன் போவது எப்படி

போன மார்ச்சில் மலையகம் பற்றி இந்த வலைப்பதிவில் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் ‘மூடுபனி’ ஒன்பது இடங்களில் வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை, தூரத்திலிருந்து பார்த்த தைரியத்தில், ஓவியம் போல இருப்பதாகவும் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு வாசகியிடமிருந்து செய்தி வந்தது: “நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே. அந்த ஓவியத்துக்குள்ள இருந்து ஹட்டன் டவுனுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்னு எழுதலையே.”

எழுதியவர் ஸ்டெல்லா, வயது இருபத்துநான்கு. பிறவியிலேயே பெருமூளை வாதம். இடது கையும் காலும் இறுகியிருக்கும். முழங்கைத் தடி ஊன்றி நடப்பார். பேச்சு தெளிவாக, ஆனால் மெதுவாக வரும். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர். வலது கையின் ஒரே விரலால் தமிழ் தட்டச்சுச் செய்வார். ஹட்டனில் விண்ணப்பங்களும் கடிதங்களும் அடித்துக் கொடுக்கும் ஒரு கடையில் அவரை ஒரு வாரம் வேலைக்கு வைத்துப் பார்க்கலாம் என்றிருந்தார்கள். முதலாளியின் நிபந்தனை ஒன்றுதான்: கூட்டிவர ஆள் இல்லாமல், தானாக, காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கும் அதுதான் வசதி. அம்மா பிலோமினா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மகளோடு டவுனுக்குப் போனால் அன்றைக்கு அவருக்குப் ‘பேர்’ விழாது, அதாவது ஒரு நாள் வேலை போய்விடும்.

“திங்கக்கிழமை மொத நாள். வந்து பாருங்க,” என்றார் ஸ்டெல்லா. “ஆனா உதவி பண்ணக்கூடாது. விழுந்தா நானே கூப்பிடுறேன்.”

ஞாயிறு காலை 5.55 ரயிலில் கொழும்புக் கோட்டையில் ஏறி, பகல் 11.40க்கு ஹட்டனில் இறங்கினேன். மறுநாள் விடிந்ததும் ஆட்டோவில் ஸ்டெல்லா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். 11 கிலோமீட்டர், 1,200 ரூபா. லயத்திலிருந்து பாதைக்கு 43 படிகள். கல் பதித்தவை, எந்த இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஸ்டெல்லா ஏறி முடிக்க 22 நிமிடம் ஆனது. இடையில் நான்கு பேர் அவரைத் தூக்க ஓடிவந்தார்கள். நால்வரையும் தடியை அசைத்துத் திருப்பி அனுப்பினார்.

“தூக்குறதுக்கு ஆள் நிறைய இருக்காங்க அண்ணே. எங்க போறன்னு கேக்கத்தான் ஒருத்தரும் இல்ல.”

மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

7.15 பஸ் 7.35க்கு வந்தது. “வாங்க பாப்பா, வாங்க,” என்று நடத்துனர் அவரை முன் இருக்கையில் அமர்த்தினார். ஸ்டெல்லா நூறு ரூபாத் தாளை நீட்டினார். “ஐயோ, உங்ககிட்ட காசு வாங்குவனா? வச்சுக்கங்க.” என்மேல் அப்படி ஒரு பாசம் இல்லை. எங்கே போகிறேன் என்று கேட்டு, 70 ரூபா வாங்கி, டிக்கட் கிழித்துக் கொடுத்தார். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பார்க்காத மாதிரி குனிந்தே இருந்தார். அவர் பிலோமினா என்று ஸ்டெல்லா பிறகு சொன்னார்.

8.20க்கு டவுனுக்கு மூன்றரை கிலோமீட்டர் முன்னால், ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ் நின்றது. நடத்துனர், “பாப்பாவ மெதுவா இறக்குங்க,” என்றார். இரண்டு கனவான்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். தடி கைமாறிக் கைமாறி வாசலுக்கு வந்தது. ஸ்டெல்லா, “நான்… டவுனுக்கு…” என்று தொடங்கினார். வாக்கியம் முடியும்போது அவர் தரையில் நின்றிருந்தார், நான் பின்னாலேயே குதித்திருந்தேன், பஸ் வளைவைத் தாண்டியிருந்தது. நல்லெண்ணம் இவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

நான் வாயைத் திறந்தேன். “பேசாம இருங்க,” என்றார். “இன்னும் விழல.”

அங்கே நின்ற ஆட்டோ ஒன்றில் ஏறினார், நானும் ஏறிக்கொண்டேன். அடுத்த நொடி ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியது. “கிளினிக் எந்தப் பக்கம் சேர்?” என்று ஓட்டுநர் கண்ணாடியில் என்னைக் கேட்டார். அவரைக் கேளுங்கள் என்றேன். அவர் ஆட்டோவை நிறுத்தி, முழுதாகத் திரும்பி, ஸ்டெல்லாவின் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தார். “வேலைக்குப்… போறேன். ஒம்பது மணிக்கு… டவுன்ல… இருக்கணும்.”

“அத மொதல்ல சொல்றதில்லையா!” என்று சொல்லி, வண்டியை வளைத்து வெளியே எடுத்தார். 450 ரூபா. வழியில் பாதை வேலை, அரை மணி நேரம் நின்றோம். கடை வாசலை அடைந்தபோது 9.06.

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு நிமிஷம்.”

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு… வந்தேன்.”

“ஏன், உடம்புக்கு முடியலையா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சேர். பஸ்ஸுக்குத்தான் நான் நோயாளி.”

அவர் சிரிக்கவில்லை. காத்திருந்த ஒருவர் கையால் எழுதிய மனுவை நீட்டினார். ஸ்டெல்லா ஒரே விரலால் நாற்பது நிமிடத்தில் அதை அடித்து, மனுவில் இருந்த மூன்று பிழைகளையும் திருத்திக் கொடுத்தார். முதலாளி இரண்டு தடவை படித்தார். “நாளைக்கு ஒம்பதுக்கு. ஆறு நிமிஷம் முன்னாடி வந்தாலும் சரி.”

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா காலை நடந்ததை ஆராய்ந்தார். “அவரு காசு வாங்கல. அதனால எங்கன்னு கேக்கல. டிக்கட் குடுத்திருந்தா கேட்டுத்தானே ஆகணும்?” நம் நாட்டுப் பொதுப் போக்குவரத்து பற்றி இத்தனை சுருக்கமான ஆய்வை நான் படித்ததில்லை.

மாலை 5.10க்கு அதே பஸ், அதே நடத்துனர். “பாப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?”

ஸ்டெல்லா நூறு ரூபாவை நீட்டினார். “டிக்கட்.”

“அட, வேணாம் பாப்பா.”

“வேலை முடிஞ்சு… வர்றேன். டிக்கட் குடுங்க.”

நீட்டிய கை இறங்கவில்லை. பஸ் இரண்டு வளைவுகளைக் கடந்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா, “வாங்கித் தொலைய்யா, புள்ளைக்குக் கை வலிக்கப் போகுது,” என்று சத்தம் போட்டார். நடத்துனர் தாளை வாங்கினார். பிறகு, அன்று முதல் தடவையாக, அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “எங்க இறங்கணும்?” ஸ்டெல்லா சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டு, டிக்கட்டும் முப்பது ரூபா மிச்சமும் கொடுத்தார்.

இதே போல ஒருவருடன் பயணம் போகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். படிகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பஸ் இருபது நிமிடம் பிந்தும். உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் காட்டுங்கள். வாக்கியம் முடியும்வரை காத்திருக்க அதிகபட்சம் பத்து விநாடி போகும், அதற்குள் தேயிலையைப் பார்க்கலாம். உதவ விரும்புபவர்கள், தூக்குவதற்கு முன்னால் திசையை விசாரிப்பது நல்லது. நான் பல ஆண்டுகளாக மலையகத்தைப் பார்த்து வருகிறேன். அங்கிருப்பவர்களுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது என்று நானும் கேட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு வாரம் முடிந்தது, வேலை நிரந்தரமானது. நேற்று ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணே, இன்னைக்கு ஐந்நூறு ரூபாத் தாள நீட்டினேன். பஸ்ஸே கேக்கிற மாதிரி அந்த ஆளு கத்தினாரு: ‘காலையிலேயே பெரிய தாளத் தூக்கிட்டு வந்துட்டீங்களா? தெனமும் வர்ற ஆளுக்கு இது கூடத் தெரியாதா?’”

செய்தியின் கடைசியில் சிரிக்கும் முகங்கள் ஐந்து. ஆகவே, கடைசிக் குறிப்பு: சில்லறையாக எழுபது ரூபா கையில் வைத்திருங்கள். நடத்துனர் யாரையும் விடுவதில்லை.