கம்பளிக் கிடங்கின் மூன்றாம் தளத்தில் ஓர் உறக்கம்

என் சிறிய தந்தையார் டட்லி பிரிம், ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரக் கம்பளிக் கிடங்கொன்றில் மூட்டை அடுக்கியவர். கிடங்கை மூடி அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியபோது, பணிநேரத்தில் தாம் ஒளிந்து உறங்கிய மூலையே படுக்கையறையாக அமைந்த வீட்டைத் தேடி வாங்கினார். அங்கே அவருக்குத் தூக்கமே வரவில்லை. புதிய மெத்தையும் பயன்படவில்லை.

"ஒளிஞ்சவனக் கண்டுபுடிக்க ஆளே இல்லாம எப்படிடி தூக்கம் வரும்?" என்று புலம்பினார்.

ஒரு வாரம் பொறுத்த சிற்றன்னை தெல்மா, பழைய கிடங்கு மேஸ்திரியின் குரலில் அதட்டினார்: "யோவ் டட்லி! எங்கய்யா தொலைஞ்ச? லாரி நிக்குது!"

சிறிய தந்தையார் தலையணையோடு அலமாரிக்குப் பின்னே பதுங்கினார். உடனே குறட்டை கேட்டது.

"பொண்டாட்டியா வந்தவள மேஸ்திரி ஆக்கிட்டானே!" என்றார் சிற்றன்னை. ஆயினும் நாள்தோறும் அதட்டினார்.

அம்மூலையில் அவர் உறங்கியது, பணிக்காலமும் சேர்த்து, நாற்பத்தைந்து ஆண்டுகள்.