பானைக்குத் திரும்பிய கிளிஞ்சல்

எங்கள் அண்ணன் காலமாகி இந்தப் புரட்டாசியோடு ஓராண்டு நிறைகிறது. எங்கள் குப்பத்தில் இதுவரை யாருக்கும் நினைவு மலர் அச்சிட்டதில்லை. என் கணவர் மைலாப்பூரில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் என்பதால் எனக்கு இந்தத் துணிச்சல். அண்ணன் இருந்திருந்தால், "இன்னாத்துக்கு இவ்ளோ காகிதம்? மீன் கட்டவாவது ஆவுமா?" என்றுதான் கேட்டிருப்பார்.

அடையாறு கடலில் சேருமிடத்துக்குத் தெற்கே பிறந்தவர் அவர். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். உள்ளே தேங்கும் நீரை நாங்கள் ஏரி என்றே சொல்வோம். ஐப்பசி மழையில் மணல் உடைந்ததும் அங்கே கொடுவா மீன் கூடும். வீட்டுக்கொரு கிளிஞ்சலில் அந்தந்த வீட்டின் குறியைக் கீறி, பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வந்த வரிசைப்படி அங்கே மீன்பிடிக்க வீட்டுக்கு ஒரு நாள். அதற்குப் பாடு என்று பெயர். மணமான ஆண் உள்ள வீட்டுக்கு மட்டுமே பாடு உண்டு.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த ஐப்பசிக்குக் குலுக்கல் ஏற்கெனவே முடிந்திருந்தது. "இந்த ஒரு நாள் உங்குளுது. அப்பால பாடு கெடையாது" என்றார் குப்பத்துப் பெரியவர்.

அம்மா விடவில்லை. "எம்புள்ள கொடுவாவைக் கரை சேத்தா?"

"சேத்தா பாக்கலாம்."

எங்கள் நாள் வந்தபோது அண்ணன் உயிர் இறாலைக் கோத்துக் கைத்தூண்டில் வீசினார். கொடுவா துள்ளியெழுந்து தலையை உதறும். கயிறு சற்றே தளர்ந்தாலும் முள்ளைத் துப்பிவிடும். அண்ணன் தளரவிடவில்லை. ஆனால் கரையோரம் வந்ததும், குப்பத்துப் பிள்ளை எவனும் செய்யக்கூடாத பிசகைச் செய்தார். அவசரத்தில் செவுளைப் பிடித்துவிட்டார். கொடுவாவின் செவுள்மூடி கத்தி போன்றது. உள்ளங்கை பிளந்தது. மீனை மட்டும் அவர் விடவேயில்லை.

பெரியவர் மீனைப் பார்த்தார். "மீன் பெருசுதான். வயக்கம் அத்தவிடப் பெருசு" என்று எங்கள் கிளிஞ்சலைப் பானையிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அழுதேன். அண்ணன் ரத்தம் சொட்ட நின்றபடி, "அழுவாத. இது ஒருநாள் பானைக்குப் போவும்" என்றார்.

அதன்பின் பல ஆண்டுகள் பிறர் கட்டுமரத்தில் கூலிக்குப் போனார். அம்மா கூடை சுமந்து மீன் விற்றார். நான் பள்ளிக்கூடம் போனேன். அண்ணன் மணம் செய்திருந்தால் அடுத்த குலுக்கலிலேயே பாடு கிடைத்திருக்கும். ஆனாலும் என் கல்யாணம் முடிந்த பிறகே தம் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். இதை எழுதும்போது பெருமையில் எனக்குக் கண் நிறைகிறது.

பிடிவாதக்காரர்தான், மறைப்பானேன்? பஞ்சாயத்தில் அவர் உட்கார்ந்த முதல் ஆண்டே, கணவனை இழந்த ஒரு பெண் இரண்டு பெண்குழந்தைகளோடு வந்து நின்றாள். எல்லோரும் பழைய வழக்கத்தைச் சொன்னார்கள். அண்ணன் தழும்பேறிய உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். "அடுப்பு எரியுற ஊட்டுக்குத்தான் பாடு, தாலிக்கு இல்ல. அவுளுக்கு இல்லேன்னா என் கிளிஞ்சலையும் எடுத்துருங்க." மூன்று நாள் சண்டை நடந்தது. நான்காம் நாள் அந்தப் பெண்ணின் கிளிஞ்சல் பானைக்குள் விழுந்தது.

சென்ற புரட்டாசியில் காய்ச்சல் அண்ணனைக் கொண்டுபோனது. பிள்ளைகள் சிறியவர்கள். ஐப்பசிக் குலுக்கலன்று அண்ணி கிளிஞ்சலை முந்தானையில் முடிந்துகொண்டு, கெஞ்சிக் கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நானும் கூடப் போனேன். அன்று எங்கள் கிளிஞ்சலைத் திருப்பித் தந்த அதே பெரியவர், தள்ளாத வயதில், பானையை அண்ணியின் முன் நீட்டினார்.

"போடும்மா" என்றார்.

நோயில் மருந்து தந்த வைத்தியருக்கும், மழையில் நனைந்தபடி அண்ணனைச் சுமந்து சென்ற தோள்களுக்கும், இம்மலரின் எழுத்துகளைக் கோத்த என் கணவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக, அன்று அண்ணியிடம் ஒரு கேள்வியும் கேட்காத குப்பத்துப் பெரியவர்களை வணங்குகிறோம்.