கோர்ட்டுக்குப் போன குஷன்

அக்காவின் கணவர் சோபா தைப்பவர். மச்சானுக்கு வாய் ஓயவே ஓயாது. அவரைப் பார்த்து, "கோர்ட்டு அனுமதி குடுத்தாத்தான் நீங்க எதிர்த்து வாதாடவே முடியும்" என்று எங்கள் வக்கீலம்மா சொன்னபோது, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸ்பாஞ்சு வியாபாரி பாக்கி கேட்டுப் போட்ட வழக்கு அது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்ததால், மச்சான் தகுந்த காரணம் காட்டி அனுமதி வாங்காவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பாகிவிடும்.

"ஸ்பாஞ்சு ஒரே மாசத்துல அப்பளமாப் போச்சு! இதைவிட என்ன காரணம் வேணும்?" என்று குதித்தார் மச்சான்.

வக்கீலம்மா அதையே மனுவாக எழுதினார். மச்சானோ அந்த ஸ்பாஞ்சில் தைத்த குஷன் ஒன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னிக்கு மனு மட்டும் போதுங்க. இதைத் தூக்கி ஓரமா வைங்க!"

வராந்தா பெஞ்சில் வைத்தார். தன் வக்கீலோடு வந்த வியாபாரி, பெஞ்சில் மெத்தென்று ஓர் இடத்தைக் கண்டதும் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"எந்தப் புண்ணியவான் தச்சது? பலகை இடிக்குது!"

"தச்சது இவர். உள்ள இருக்கிறது உங்க சரக்கு" என்றார் வக்கீலம்மா.

உள்ளே நீதிபதி, "அனுமதி கொடுக்க ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல், இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த தன் கட்சிக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லை" என்றார்.

அனுமதி கிடைத்ததும் மச்சான் ஆவலாக வாயைத் திறந்தார். வக்கீலம்மா அவரை வெளியே இழுத்துவந்து, பெஞ்சிலிருந்த குஷனை அவர் கையில் திணித்தார்.

"வாங்க போகலாம். இதுவே பேசிடுச்சு."