மஞ்சள் தீரப் போகிறது

போன புதன்கிழமை மத்தியானம் என் மச்சினன் சேகரிடமிருந்து போன். ஹலோ கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது.

"மாமா, மஞ்சள் தீரப் போகுது!"

நம் வீட்டில் மஞ்சள் தீர்ந்தால் முக்குக் கடைக்குப் போவோம். சேகர் சொன்ன மஞ்சள் சென்னையிலிருந்து வர வேண்டும். அதுவும் அதற்குத் தோன்றினால்தான் வரும்.

சேகர் திருவானைக்காவலில் டிஜிட்டல் பிரஸ் வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதனின் சகல கட்டங்களுக்கும் அடித்துத் தருகிறான். மெஷின் செகண்ட் ஹாண்ட். விற்ற புரோக்கர், "ஒரு ஸ்கூல்ல இருந்துச்சு சார். பரீட்சைக்கு மட்டும்தான் ஓட்டுவாங்க" என்றார். பழைய கார்களை எல்லாம் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருப்பார் இல்லையா... அந்த மாதிரி. இது இருமுகிற இருமலைக் கேட்டால், அந்த ஸ்கூலில் பிள்ளைகள் தினமும் பரீட்சை எழுதியிருக்க வேண்டும்.

பழைய மெஷினைப் பராமரிப்பது என்பது மாப்பிள்ளையைப் பராமரிப்பது. வெயில் ஆகாது. மழை ஆகாது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் பேப்பரைப் பாதியில் கடித்துக்கொண்டு நின்றுவிடும். சேகர் வீட்டில் ஏசி கிடையாது; மெஷினுக்கு உண்டு. தினமும் மத்தியானம் அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறான். கேட்டால் மெயின்டெனன்ஸ் என்கிறான்.

என் பங்கு என்ன? பிளானிங்! நிர்வாகம் பற்றி நிறையப் படித்தவன் நான். படித்ததை யார் மீதாவது இறக்கி வைக்க வேண்டாமா? டோனர் என்கிற மைத்தூள், டிரம் என்கிற உருளை, பேப்பர் என்று என்னென்ன தீரும், எப்போது வாங்க வேண்டும் என்று லேப்டாப்பில் அழகாக ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மெஷினுக்கு நாலு நிறம். நீலத்துக்கு சயான் என்று பெயர், ரோஸுக்கு மெஜந்தா. அப்புறம் மஞ்சள், கறுப்பு. நாலையும் சமமாக வாங்கச் சொன்னேன். பெற்ற பிள்ளைகள் நாலு பேருக்கும் சமமாகப் பிரிக்கிற மாதிரி... பாரபட்சம் கூடாது அல்லவா?

இந்த நியாயம் வேறு ஏதாவது தேசத்தில் செல்லுபடியாகலாம். திருச்சியில் ஆகாது. பத்திரிகையின் பின்னணி மஞ்சள். அதில் குங்குமச் சிவப்பு எழுத்து என்றால் மெஜந்தாவோடு மஞ்சள் சேர வேண்டும். மாவிலைப் பச்சைக்கும் வாழைமரத்துக்கும் மஞ்சள். பெரிய கடைவீதி பாய் நிக்காஹ் கார்டு பச்சையில் கேட்டால் அதிலும் பாதி மஞ்சள். மங்கலமான காரியம் எதுவானாலும் கை வைப்பது அந்த ஒரு டப்பாவில்தான். சயான் மட்டும் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, மஞ்சள்தானே? சென்னைக்குப் போன் பண்ணு."

"பண்ணிட்டேன் மாமா. பழைய மாடலாம். சனிக்கிழமை ஆகுமாம். ரங்கராஜன் சார் நாளைக் காலையில வர்றாரு."

சட்டையைத் தேடி எடுத்தேன்.

ரங்கராஜன் சார் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். ஒரே மகளுக்குக் கல்யாணம். விடிந்ததும் முதல் பத்திரிகையைப் பெருமாள் திருவடியில் வைத்துவிட்டு, மத்தியான ரயிலில் சம்பந்தி வீட்டுக்குப் புறப்படுகிறார். பெருமாளுக்கு வைக்காமல் வேறொருவருக்குக் கொடுக்க மாட்டார். சேகருக்கோ ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த முதல் ஆர்டர் அது. அங்கே ஒரு வீட்டில் நல்ல பெயர் வாங்கினால் நாலு வீதியிலும் வாங்கின மாதிரி. கெட்ட பெயரும் அப்படித்தான்... அது இன்னும் வேகமாகப் போகும்.

ஓடினேன். மெஷின் திரையில், மஞ்சள் விரைவில் தீரும் என்று மின்னிக்கொண்டிருந்தது. துளி மிச்சம் இருக்கிறவரை மற்ற நிறங்களை அடிக்கும். சுத்தமாகத் தீர்ந்தால் நின்றுவிடும்.

"கறுப்புல அடிச்சுடலாமா?" என்றேன்.

சேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கல்யாணப் பத்திரிகையையா? அப்படியே கீழே 'வருந்தும் குடும்பத்தினர்'னு போட்டுடவா மாமா?"

அவன் கோபத்தில் டிரம்மைக் கழற்றித் துடைத்தான். துடைத்தால் மஞ்சள் ஊறுமா என்ன? ஆனால் அவனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். துடைத்து மாட்டிவிட்டு, மெஜந்தாவில் மட்டும் நாலு எழுத்து அடித்து, கோடு விழுகிறதா என்று பார்க்க மூலையில் கிடந்த வீண் அட்டை ஒன்றை உள்ளே விட்டான்.

அந்த அட்டையின் பூர்வ கதை முக்கியம். என் திட்டத்தில் அதுவும் ஒரு அயிட்டம். மஞ்சள் நிற அட்டை, கட்டுக் கட்டாக. பார்க்க லட்சணமாக இருந்தது என்று நான்தான் வாங்கச் சொன்னேன். 'மெஷினே மஞ்சள் அடிக்கும்போது மஞ்சள் அட்டை எதுக்கு மாமா?' என்று அன்றைக்கே கேட்டான். அன்றிலிருந்து டீ கிளாஸ் அதன் மேல்தான்.

அட்டை வெளியே வந்தது. மெஜந்தா எழுத்து ரோஸாக இல்லை. மஞ்சள் அட்டை மேல் விழுந்து... பளிச்சென்று குங்குமச் சிவப்பு!

"மாமா!" என்றான் சேகர். அந்தக் கூப்பாட்டில் பல மாதங்களுக்குப் பிறகு மரியாதை இருந்தது.

மாலைக்குள் மொத்தமும் அடித்தாயிற்று. ஒரே ஒரு சிக்கல். மேலே இருந்த பெருமாள் படம். வெள்ளை அட்டையில் நீலமாக இருக்க வேண்டியவர், மஞ்சள் அட்டையில் பச்சையாகிவிட்டார். நெற்றியில் வெண்மையான திருமண்ணும் மஞ்சளாகிவிட்டது.

மறுநாள் ரங்கராஜன் சார் வந்தார். ஒரு பத்திரிகையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். சேகர் ஏசி அறைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்ப்பா... பெருமாள் பச்சையா இருக்காரே?"

"அது வந்து சார்... மஞ்சள்..."

"பெருமாள் பச்சைதானே! 'பச்சைமா மலைபோல் மேனி'ன்னுதானே பாசுரம். இத்தனை நாளா ஊர்ல அத்தனை பிரஸ்காராளும் நீலமாப் போட்டுண்டிருந்தா. நீங்கதான் சரியாப் பண்ணிருக்கேள்."

"திருமண்தான் சார் கொஞ்சம்..." என்று நான் வாயைத் திறந்தேன். சேகர் என் காலை மிதித்தான்.

"தங்கத்துல சாத்தியிருக்கு. அதுகூடத் தெரியாதா எனக்கு?" என்று சொல்லிவிட்டு, பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் யோசித்து வாங்கியது எதுவும் உதவவில்லை. யோசிக்காமல் வாங்கியது மானத்தைக் காப்பாற்றியது. நிர்வாகப் புத்தகங்களில் இதற்கென்று ஒரு அத்தியாயம் ஏன் இல்லை?

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஜம்பமாகத் திரிந்திருப்பேன். சனிக்கிழமை மஞ்சள் டோனர் வந்து இறங்கியது. பட்டது போதும் என்று பெட்டி பெட்டியாகச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை சித்திரை வீதியிலிருந்து ஒரு மாமி வந்தார். "அந்தப் பச்சைப் பெருமாள் போட்டுக் குடுக்கறேளாமே?" அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு வீடு. எல்லாருக்கும் மஞ்சள் அட்டைதான் வேண்டும். மஞ்சள் டோனர் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை நாள் வேடிக்கை பார்த்த சயான், இப்போது விரைவில் தீருமாம். திரையில் மின்னுகிறது.

லேப்டாப்பைத் திறந்தேன். சேகர் மெதுவாக அதை மூடினான்.

"பிளான் எல்லாம் வேணாம் மாமா. நீங்க பாட்டுக்கு எதையாவது தப்பா வாங்கிப் போட்டுட்டே இருங்க... அதான் நமக்கு ராசி."